ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்தது என் தப்பு!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, ஆசை ஆசையாகக் கோழிக்குஞ்சு வாங்கி விட்டதாகவும், ஒன்றுகூடத் தங்கவில்லை என்றும், தன் கை ராசியில்லாத கை போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. கை ராசியெல்லாம் ஒன்றுமில்லை சகோதரி! நானும் ஒரு நாள் உங்களைப் போலத்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலிக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையை எழுதினால் நாலு பேருக்காவது உபயோகப்படுமே என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரு பெண், ஒரு பையன், மாமியார். நாமக்கல் என்றால் எல்லோருக்கும் முட்டைதான் ஞாபகம் வரும். பஸ்ஸில் போனால் ரெண்டு பக்கமும் கோழிப் பண்ணைதான். ஆனால் ஆயிரக்கணக்கில் கோழி நிற்கிற ஊரில் இருந்துகொண்டே, வீட்டு வாசலில் நாலு கோழி வளர்க்கத் தெரியாமல் நான் ஏமாந்த கதை இது!

எங்கள் அத்தைக்கு (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) கோழி என்றால் உயிர். அவரிடம் சாம்பல் நிறத்தில் ஒரு சிறுவிடைக் கோழி இருந்தது. வருஷத்துக்கு மூன்று தடவை முட்டையிட்டு, அடை உட்கார்ந்து, குஞ்சு இறக்கிவிடும். பருந்து தலைக்கு மேல் வட்டம் போட்டால் ஒரு சத்தம் கொடுக்கும் பாருங்கள்... அத்தனை குஞ்சும் இறக்கைக்குள் வந்து ஒளிந்துகொள்ளும். "இது என் கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த கோழியோட வம்சம் அம்மிணி" என்று அத்தை பெருமையாகச் சொல்வார்.

2022-ம் வருஷம் தை மாதம். சாம்பல் கோழியிடம் ரெண்டு வாரக் குஞ்சுகள் 11 இருந்தன. அதுபோக மூன்று பெட்டை, ஒரு சேவல். எனக்கு ஒரு ஆசை வந்தது. முட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா வாங்கிக் கொடுக்க முடிகிறதே, கோழியைக் கொஞ்சம் கூட்டினால் மகள் பத்தாவது போகும்போது டியூஷன் பீஸையும் நாமே கட்டிவிடலாமே என்று. மகளிர் சுய உதவிக் குழுவில் 6,000 ரூபாய் கடன் எடுத்தேன். மாதம் 600 ரூபாய் தவணை, வட்டி தனி.

வாரச் சந்தையில் ஒரு வியாபாரி கூண்டு நிறைய விதவிதமான கோழி வைத்திருந்தார். பழுப்பு நிறத்தில் கிரிராஜா, உடம்பெல்லாம் கறுப்பாகக் கடக்நாத், கழுத்தில் மயிர் இல்லாத கழுத்தறுத்தான் என்று எல்லாம் ரெண்டு மாத வயசு. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பொறுக்கிப் பொறுக்கி 12 வாங்கினேன். வீடு திரும்பினால், பையன் வாசலில் ஒரே அழுகை. சைக்கிளில் கூடை கட்டி ஒருவர் கலர் குஞ்சு விற்றுக்கொண்டு வந்திருக்கிறார். சிவப்பு, பச்சை, ஊதா! சரி, அழாதே என்று அதிலும் 6 வாங்கினேன். மீதிப் பணத்தைத் தீவனத்துக்கும் கூண்டுக்கும் என்று எடுத்து வைத்தேன்.

இந்தக் கலர் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் பிறப்பதில் ஏறக்குறைய பாதி சேவல் குஞ்சாக இருக்குமாம். சேவல் முட்டையிடாது. கறிக்கோழி போல சீக்கிரம் எடையும் போடாது. அதனால் கழித்துவிடும் அந்தக் குஞ்சுகளைத்தான் சாயம் ஏற்றித் தெருவில் விற்கிறார்கள். வெயிலில் ஊர் ஊராகச் சுற்றி, சூடும் தண்ணீரும் சரியாகக் கிடைக்காமல், பாதி உயிராகத்தான் நம் கைக்கு வருகின்றன. அதில் பெரும்பாலானவை பிழைக்காததற்கு நம் கை காரணமில்லை சகோதரி!

அன்று சாயந்திரம் அத்தை ஒரு வார்த்தை சொன்னார். "அம்மிணி, புதுசை ஒரு பக்கமாத் தனியாப் போட்டு வை. நாலு நாள் பாத்துட்டு அப்பறமா விடலாம்."

நான் கேட்கவில்லை. "பனியில எங்க அத்தை தனியாப் போடறது? பாவம், எல்லாம் ஒண்ணாக் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இருந்த பெரிய பஞ்சாரத்தில் (எங்கள் பக்கம் கொடாப்பு என்போம்) புதுசு, பழசு, பெரிசு, சிறுசு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் போட்டுக் கவிழ்த்தேன். அதில் ஒரு கடக்நாத் தும்மிக்கொண்டே இருந்தது. பனிக்குத் தும்முகிறது என்று நினைத்தேன்.

முதல் மூன்று நாளில் சாயக் குஞ்சு நாலு போனது. சந்தைக் கோழிகள் தீவனத் தட்டில் ஏறி நின்றுகொண்டு சின்னக் குஞ்சுகளைக் கிட்டவே விடவில்லை. ஆறாம் நாள் காலை, ரெண்டு கிரிராஜா இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். அடுத்த நாள் ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றியது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு தினம் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கவே எனக்குக் கை நடுங்கும். மூன்று, நாலு, ஐந்து என்று விறைத்துக் கிடக்கும். சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி என்று அரைத்து உருட்டிக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் சாம்பல் கோழி செத்தது. அதன் இறக்கைக்குக் கீழே ரெண்டு குஞ்சு அப்படியே கிடந்தன.

ரெண்டு வாரத்துக்குள் 34 உருப்படியில் 27 போய்விட்டது. மிஞ்சியது ரெண்டு பெட்டை, ஒரு சேவல், நாலு இளசுகள். அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்! சாயந்திரமானால் பழக்க தோஷத்தில், காலிப் பஞ்சாரத்தை எடுத்து வாசலில் கவிழ்த்து வைத்து அதன்மேல் கல்லைத் தூக்கி வைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மாதக் கடைசியில் குழுத் தவணை வந்தது. வீட்டுக்காரரிடம் கேட்கப் பயம். அன்று மத்தியானம் அத்தை வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து 600 ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். அப்போது அவருக்கு மாதம் வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகையே 1,000 ரூபாய்தான். "குழுவுல பேரு கெட்டுறக் கூடாது கண்ணு. கோழி போனா வரும்" என்றார். அவ்வளவுதான். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வீட்டுக்காரர், செத்த கோழி ஒன்றைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கோழியை அறுத்து, இரைப்பையின் உள்பக்கம் சிவப்புச் சிவப்பாக இருந்த ரத்தப் புள்ளிகளைக் காட்டினார். "இது வெள்ளைக் கழிச்சல்மா. ராணிக்கெட்னு சொல்லுவாங்க. வைரஸ் கிருமி. வந்துட்டா குணப்படுத்த மருந்து கெடையாது. வராமத் தடுக்கத்தான் முடியும்" என்றார். ராணிக்கெட் என்பது வடக்கே உத்தராகண்ட் மலையில் ஒரு ஊராம். அந்த ஊர் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள்.

"போன வருஷம் முகாமுக்கு உங்க ஊருக்கு வந்தமே, கோழிய எடுத்துட்டு வரலியா?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்கு பதில் வரவில்லை. மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனது நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு கோழிக்கு எதுக்கு ஊசி என்று நான்தான் பேசாமல் இருந்துவிட்டேன்.

"எங்க அத்தை நாலு நாள் தனியா வைக்கச் சொன்னாங்க டாக்டரம்மா, நான்தான் கேக்கல" என்றேன். "உங்க மாமியார் சொன்னது சரிதான். ஆனா நாலு நாள் பத்தாது. கிருமி உள்ளே போயி நோய் வெளியே தெரியறதுக்கே சில சமயம் ரெண்டு வாரம் ஆகும். அதனால குறைஞ்சது மூணு வாரம் தனியா வைக்கணும்" என்றார்.

செத்ததை எல்லாம் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். ஊரில் சிலர் ஓடையில் வீசுவார்கள். அது பெரிய தப்பு. நாய் இழுத்துக்கொண்டு போய் நோயை ஊர் முழுக்கப் பரப்பிவிடும். கூண்டு இருந்த இடத்தை மேல் மண்ணோடு சுரண்டி எடுத்து, கழுவி, சுண்ணாம்பு அடித்து, சித்திரை வெயிலில் காயவிட்டோம். பஞ்சாரத்தை எரித்துவிட்டுப் புதுசு வாங்கினோம். புதுக் கோழி எதையும் நாலு மாசம் வீட்டுப் பக்கமே கொண்டுவரவில்லை. மிஞ்சிய கோழிகளுக்குப் புதுசுகளோடு சேரும் முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படியே செய்தோம்.

அந்த இடைவெளியில் நான் செய்த உருப்படியான காரியம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் ஒரு நாள் நாட்டுக்கோழிப் பயிற்சிக்குப் போனது. நோட்டு எடுத்துக்கொண்டு போய் ஸ்கூல் பிள்ளை மாதிரி எழுதினேன். அங்கே தெரிந்துகொண்டதிலும், அத்தையின் அனுபவத்திலும் சேர்த்து எனக்குப் புரிந்த ஒரே விஷயம் இதுதான்: வீட்டுக் கோழியில் இனம் கலக்கலாம், வயசு கலக்கக் கூடாது!

ரெண்டு மாதக் கோழி தாங்கிக்கொள்கிற கிருமியை ரெண்டு வாரக் குஞ்சு தாங்காது. பெரிசு தன் எச்சத்தில் கிருமியைப் போட்டுக்கொண்டே நன்றாகத் திரியும். அதைக் கொத்துகிற சிறுசு செத்துவிடும். தீவனமும் வேறு வேறு. முட்டைக்கோழித் தீவனம் எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் கிடைக்கும். அதைக் குஞ்சுக்குப் போட்டுவிடக் கூடாது. முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். சின்னக் குஞ்சின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும். வயசு ஒன்றாக இருந்தால் தீவனமும் ஒன்று, ஊசி தேதியும் ஒன்று, சண்டையும் குறைவு.

அப்படியென்றால் நம் வீட்டுக் கோழி பொரிக்கும் குஞ்சையும், வெளியே வாங்கும் குஞ்சையும் எப்படி ஒரே வயசாக்குவது? இதற்கு வழி சொன்னது அத்தைதான்!

அந்த வருஷம் ஆடி முடிகிற சமயம், மிஞ்சிய பெட்டையில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. அத்தை 10 முட்டை வைத்தார். விரலை மடக்கி எண்ணி, "இன்னியிலருந்து இருபத்தோராம் நாள் பொரிக்கும். அன்னிக்கே உன் பெருவட்டுக் குஞ்சும் வர்ற மாதிரி சொல்லி வெச்சிரு அம்மிணி" என்றார். எனக்குச் சட்டென்று மூளையில் பல்பு எரிந்தது! கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழியில், ஒரு நாள் வயசுக் குஞ்சு 30-க்குச் சொல்லி வைத்தேன். சந்தைக்கு நான் போகவே இல்லை.

சொன்னபடி இருபத்தோராம் நாள் 8 குஞ்சு பொரித்தது. நந்தனம் குஞ்சும் அன்றே வந்தது. ராத்திரி இருட்டினதும் அத்தை விளக்கைத் தணித்துவிட்டு, வந்த குஞ்சில் ஆறை ஒவ்வொன்றாகத் தாய்க்கோழியின் வயிற்றுக்கு அடியில் தள்ளிவிட்டார். விடிந்து பார்த்தால், கோழிக்குத் தன் குஞ்சு எது, வந்த குஞ்சு எது என்று வித்தியாசமே தெரியவில்லை. 14-ஐயும் கூட்டிக்கொண்டு மேய்கிறது! இது பொரித்த ரெண்டு மூன்று நாளுக்குள் ராத்திரியில் செய்தால்தான் பலிக்கும். பகலில் விட்டாலோ, குஞ்சு வளர்ந்த பிறகு விட்டாலோ, கொத்தியே கொன்றுவிடும். ஒரு கோழி இறக்கைக்குள் 12-லிருந்து 15 குஞ்சு வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

மீதி 24 குஞ்சுக்கு நானே தாய்க்கோழியானேன். எப்படி என்று கேட்கிறீர்களா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மூலை இருக்கிற பெட்டி கூடாது. குளிர் வந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் செத்துவிடும். பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து வட்டமாகத் தடுப்பு கட்டினேன். கீழே ரெண்டு அங்குலத்துக்கு நெல் உமி. அதைத் தீனி என்று கொத்திவிடாமல் இருக்க, முதல் மூன்று நாளுக்கு மேலே சாக்கு விரித்தேன். வழவழப்பான தாள் வேண்டாம். கால் வழுக்கி விரிந்துகொள்ளும்.

சூட்டுக்குக் குண்டு பல்பு. குஞ்சுக்கு 2 வாட் கணக்கு என்றார்கள். 24 குஞ்சுக்கு ஒரு 60 வாட் போதும். இப்போது எல்லா வீட்டிலும் எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. என் நாத்தனார் அதைப் போட்டுவிட்டு, குஞ்சு நடுங்குகிறதே என்று போன் செய்தார்! முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரம் 5 டிகிரியாகக் குறைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நம் வீட்டில் அதையெல்லாம் அளக்கத் தெர்மாமீட்டருக்கு எங்கே போவது? குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிருகிறது, பல்பை இறக்குங்கள். தள்ளித் தள்ளிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், மேலே தூக்கிக் கட்டுங்கள். பரவலாகப் படுத்துத் தூங்கினால் எல்லாம் சரி என்று அர்த்தம். கரண்ட் போனால் மண்பானையில் சுடுதண்ணீர் ஊற்றி மூடி, சாக்கைச் சுற்றி நடுவில் வைப்பேன்.

வந்ததும் முதலில் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுத்தேன். தட்டில் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு உள்ளே விழுந்து நனைந்துவிடும். தீவனம், குஞ்சுத் தீவனம்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு கம்பு, உடைத்த மக்காச்சோளம், முருங்கைக்கீரை. கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் அதைக் கொத்திக்கொண்டே ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கும். கரையானும் பிடித்துப் போடலாம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, நார் எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயந்திரம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான். செலவே இல்லாத சத்துணவு!

உமி ஈரமாகவே கூடாது. ஈரத்தில்தான் ரத்தக் கழிச்சல் வரும். மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை அதற்குப் பயப்பட வேண்டும். நான் தினம் கிளறிவிட்டு, நனைந்த உமியை உடனே அள்ளிவிடுவேன். எச்சத்தில் ரத்தம் கண்டால் தாமதிக்காமல் மருந்தகம் போங்கள். வெள்ளைக் கழிச்சல் போல் இல்லை, இதற்கு மருந்து உண்டு.

இனி ஊசி விஷயம். ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு. பதினாலாம் நாள் கம்போரோ நோய்க்குச் சொட்டு மருந்து. இருபத்தெட்டாம் நாள் மறுபடியும் வெள்ளைக் கழிச்சலுக்குச் சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. அதைக் குஞ்சுக்கு முன்கூட்டியே போட்டுவிடக் கூடாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து. தீவனத்தோடு கொடுக்கிற குருணை மாதிரியான வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தும் கால்நடைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு எது சரி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல். மருந்துப் புட்டியில் 100 கோழிக்கு, 200 கோழிக்கு என்றுதான் வரும். 38 குஞ்சுக்கு வாங்கினால் மீதி வீண். கரைத்த பிறகு ரெண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் எங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் ஆறு வீட்டுப் பெண்கள் ஒன்று சேர்ந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, டீ வாங்கும் பிளாஸ்கில் ஐஸ் கட்டி போட்டு மருந்தை வாங்கி வந்து, ஒரே நாளில் எல்லோர் வீட்டுக்கும் போய்விடுவோம். நோய் தெருவுக்குத் தெரு பரவுகிறது. ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டு என்ன பிரயோஜனம்? நம் அரசு கால்நடைத் துறையும் வருஷா வருஷம் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. என்னைப் போல மைக் சத்தம் கேட்டும் பேசாமல் உட்கார்ந்திராதீர்கள்!

நோட்டைப் பார்த்து நான் செய்வதை அத்தை முதலில் சிரித்துக்கொண்டே பார்த்தார். "கண்ணுல சொட்டு உட்டா சீக்கு நின்னுருமா அம்மிணி?" என்றார். இருபத்தெட்டாம் நாள் அவரே குஞ்சைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்.

அந்த 38 குஞ்சில் முதல் வாரம் ரெண்டு போனது. ஒன்றைக் காக்கை தூக்கியது. மீன் வலையை வாசலுக்கு மேலே கட்டின பிறகு அந்தத் தொல்லை விட்டது. ரெண்டைக் கீரி பிடித்தது. எட்டு வாரத்தில் 33 உருப்படி தேறியது. அதுவே எனக்கு நூறு மாதிரி! சேவல்களைப் பொங்கலுக்கு முன்னால் விற்றுக் குழுக் கடனில் பாக்கி இருந்ததைக் கட்டினேன். அத்தையிடம் அந்த 600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால், "நானென்ன வட்டிக்கா உட்டேன்?" என்று வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பணத்தில் அவருக்கு ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது எங்கள் வாசலில் சிறுவிடை, நந்தனம், ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா என்று கலந்து 40 உருப்படி போல நிற்கிறது. ஆசைப்பட்ட கடக்நாத்தும் ரெண்டு உண்டு. அசில் மட்டும் வைக்கவில்லை. அது சண்டைக்கோழி இனம். குஞ்சிலேயே மற்றதைக் கொத்திக் காயப்படுத்தும் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். வனராஜா சீக்கிரம் எடை போடும், முட்டையும் கூட இடும். ஆனால் அடைக்கு உட்காராது. பருந்தைக் கண்டு ஓடவும் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. சிறுவிடை மெதுவாக வளரும். ஆனால் அதை நம்பித்தான் அடை வைக்க முடியும். அதனால்தான் கலந்து வளர்ப்பதில் லாபம். மாதம் 1,500, 2,000 ரூபாய் வருகிறது. பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மகள் பத்தாவது படித்த வருஷம் டியூஷன் பீஸை யாரிடமும் கை நீட்டாமல் கட்டினேன்.

புதுக் கோழி எது வந்தாலும், சொந்த அண்ணன் வீட்டிலிருந்து வந்தாலும், கொல்லைப்புறத்தில் தனிக் கூண்டில் மூன்று வாரம். தண்ணீர்த் தட்டு தனி. முதலில் பழைய கோழிக்குத் தீவனம் வைத்துவிட்டு, கடைசியில்தான் புதுசுக்கு வைப்பேன். பிறகு கை கால் கழுவாமல் பழைய கோழிப் பக்கம் போக மாட்டேன். விற்காமல் திரும்பி வந்த நம் கோழியையும் அப்படித்தான் வைக்க வேண்டும். சந்தைக்குப் போய் வந்தாலே அதுவும் புதுக் கோழிதான். மூன்று வாரம் நல்லபடியாகக் கழிந்தால், ஒரு வாரம் வலைத் தடுப்புக்கு இருபுறமும் வைத்து ஒன்றையொன்று பார்க்க விடுவேன். அதன் பிறகு இருட்டின நேரத்தில் சேர்த்து அடைப்பேன். தீவனத் தட்டைக் கூடுதலாக ரெண்டு இடத்தில் வைத்தால் சண்டை குறையும்.

கோழிகள் திடீரென்று கொத்துக் கொத்தாகச் செத்தால் மட்டும், நாமே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள். செத்ததைச் சமைக்கவும் கூடாது, விற்கவும் கூடாது, வெறும் கையால் தொடவும் கூடாது.

அந்தச் சாம்பல் கோழியின் குஞ்சுகளில் ஒன்றே ஒன்று பிழைத்தது. நான் மேலே எழுதிய மிஞ்சின நாலு இளசுகளில் அதுவும் ஒன்று. அது வளர்ந்து, அதுவும் சாம்பல் நிறத்துக்கே வந்தது. அதன் குஞ்சும் பேரக் குஞ்சும் இப்போது வாசலில் மேய்கின்றன. சாயந்திரமானால் அத்தை பஞ்சாரத்தை எடுத்துக் கவிழ்த்து, கல்லை மேலே வைத்துவிட்டு, "எல்லாம் வந்துருச்சா அம்மிணி, எண்ணிப் பாத்தியா?" என்று கேட்கிறார். எண்ணிப் பார்த்துச் சொல்வது என் வேலை.

கை ராசியில்லை என்று எழுதிய சகோதரியே, மறுபடியும் தொடங்குங்கள். பத்துக் குஞ்சு போதும். ஒரே வயசுக் குஞ்சாக வாங்குங்கள், ஏழாம் நாளைக் காலண்டரில் சுழித்து வையுங்கள். என்ன ஆனது என்று இதே பகுதியில் எழுதினால், எங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல் மாவட்டம்.